பேன் பற்றிய நூற்றாண்டு

தலைமயிரில் வாழ்வது பேன். உடுத்திய துணியின் தையல் மடிப்புகளில் முட்டையிட்டு, பசித்தபோது மட்டும் உடம்புக்கு வந்து இரத்தம் குடித்துவிட்டு, மறுபடியும் துணிக்குள் போய் ஒளிந்துகொள்வது சீலைப்பேன். தமிழ் இவ்விரண்டையும் வெவ்வேறு பெயரிட்டு அழைக்கிறது. முட்டைக்கு ஈர் என்று ஒரு பெயர். அதை உருவியெடுக்கும் கருவிக்கு ஈர்வலி என்று இன்னொரு பெயர். ஒரு சிற்றுயிரைச் சுற்றி இத்தனை சொற்கள் விளைய வேண்டுமானால் அதனுடன் மனிதருக்கு நெடுநாள் பழக்கம் இருந்திருக்க வேண்டும்.

சீலைப்பேன் என்ற பெயரில் ஒரு வரலாற்றுச் செய்தியே அடங்கியிருக்கிறது. சீலை இல்லாமல் சீலைப்பேன் இல்லை. எனவே தலைப்பேனிலிருந்து சீலைப்பேன் எப்போது பிரிந்தது என்று கண்டுபிடித்தால், மனிதன் எப்போது ஆடை உடுத்தத் தொடங்கினான் என்பதையும் கணிக்கலாம். ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தில் மார்க் ஸ்டோன்கிங் குழுவினர் 2003இல் இதைச் செய்து பார்த்தார்கள். பேன்களின் மரபணுக்களை ஒப்பிட்டு ஏறத்தாழ 70,000 ஆண்டுகள் என்று கணித்தார்கள். 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு அந்தக் காலத்தை 1,70,000 ஆண்டுகள் வரை பின்னுக்குத் தள்ளியது. எலும்பும் கல்லும் எஞ்சும், துணி எஞ்சாது. மனிதனின் முதல் ஆடைக்கு இன்று நம்மிடம் உள்ள சாட்சிகளில் அவனுடைய பேனும் ஒன்று.

இக்கட்டுரை அந்தச் சீலைப்பேனைப் பற்றியது. அதைவிட, பேனுக்கென்று வழங்கிய சொற்கள் பேன் பற்றிய மனிதரின் மேல் எப்படி ஏறின என்பதைப் பற்றியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பாவில் நடந்த இந்த இடமாற்றத்தின் விலை கோடிக்கணக்கில் இல்லாவிட்டாலும் பல இலட்சம் உயிர்கள்.

*

முதலில் சொற்களைப் பார்ப்போம். நுண்ணுயிர் உடலுக்குள் புகுந்து பெருகுவதைத் தொற்று என்கிறோம். பேன், உண்ணி போன்றவை உடலிலோ உடையிலோ வீட்டிலோ குடியேறிப் பெருகுவதை ஆங்கில மருத்துவ நூல்கள் ‘இன்ஃபெஸ்டேஷன்’ என்று பிரித்துச் சொல்கின்றன. தமிழில் அதற்கு நிலைபெற்ற ஒற்றைக் கலைச்சொல் இல்லை. ஆனால் பேச்சில் வளத்துக்குக் குறைவில்லை. தலையில் பேன் பற்றுகிறது. பயிரில் பூச்சி விழுகிறது. அரிசியில் வண்டு வைக்கிறது. நிலைக்கதவைக் கரையான் அரிக்கிறது. நாயின் காதில் உண்ணி மொய்க்கிறது. ஒவ்வோர் உயிருக்கும் அதன் இயல்புக்கேற்ற வினை. இவற்றில் எதிலும் பகைமை என்ற எண்ணம் தலைதூக்குவதில்லை. நடந்தது இன்னது என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகின்றன.

ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு வகையானது. ‘இன்ஃபெஸ்டுஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்குப் பகைமை கொண்ட, தாக்க முனைந்த என்று பொருள். முதலில் அது எதிரிப்படைக்கும் கொள்ளையருக்கும் உரிய சொல். வழிப்பறிக்காரர் மலிந்த பாதை, கடற்கொள்ளையர் திரியும் கடல் என்றெல்லாம் வழங்கிய பின்னரே எலிக்கும் பூச்சிக்கும் வந்து சேர்ந்தது. அதாவது அச்சொல்லுக்குள் எப்போதும் ஒரு படையெடுப்பு உறைந்திருக்கிறது.

ஒட்டுண்ணியைக் குறிக்கும் ‘பாரசைட்’ என்ற சொல்லின் பயணம் இன்னும் விந்தையானது. கிரேக்கத்தில் ‘பாரா’ என்றால் அருகில், ‘சிடோஸ்’ என்றால் தானியம் அல்லது உணவு. ‘பாராசிடோஸ்’ என்பவர் உடன் அமர்ந்து உண்பவர். பழைய ஆதென்சில் அது மதிப்புக்குரிய பதவியாகவே இருந்தது. ஹெராக்ளீஸ் முதலான தெய்வங்களின் கோயில்களில் படையல் உணவைப் பகிர்ந்துண்ணத் தேர்ந்தெடுக்கப்பட்ட குடிமக்களுக்கு அந்தப் பெயர். பின்னர் நாடக மேடைக்கு வந்தபோது சொல்லின் மானம் போயிற்று. செல்வர் வீட்டுப் பந்தியில் முகத்துதி பாடி வயிறு வளர்க்கும் கோமாளிப் பாத்திரமாக அவன் மாறினான். நம் ஊர்த் ‘தண்டச்சோறு’க்கு மிக நெருங்கிய உறவினன். உரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸின் மேடையில் அவன் நிலையான பாத்திரம். இரண்டாம் நூற்றாண்டில் லூசியன், ஒட்டி உண்பதும் ஒரு கலையே என்று வாதாடும் அங்கத உரையாடல் ஒன்றையே எழுதினார்.

இயற்கை அறிஞர்கள் இச்சொல்லைக் கடன் வாங்கியது மிகவும் பின்னால், பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டுகளில். முதலில் புல்லுருவி போன்ற செடிகளுக்கு, பிறகு பேன், புழு போன்ற உயிர்களுக்கு. ஆக, மனிதனைக் குறித்த சொல்தான் பூச்சிக்குப் போயிற்று. அங்கே போய் அறிவியலின் நஞ்சையும் நடுநிலைத் தோற்றத்தையும் ஒருசேரப் பெற்றுக்கொண்டு மீண்டும் மனிதனிடமே திரும்பி வந்தது. மேடைக் கோமாளியைப் பார்த்துச் சிரிக்கலாம், பந்தியிலிருந்து எழுப்பி விரட்டலாம். பூச்சியாகத் திரும்பி வந்தவனைச் செய்வதற்கு ஒன்றுதான் உண்டு என்று மக்களை நம்பவைக்க முடிந்தது.

*

சீலைப்பேனின் பெயர் உலக வரலாற்றில் அடிபடுவதற்குக் காரணம் டைஃபஸ் காய்ச்சல். டைஃபாய்டுடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது உணவாலும் நீராலும் பரவும் வேறு நோய். நம் நாளிதழ்களில் உண்ணிக்காய்ச்சல் என்று வருகிற ஸ்க்ரப் டைஃபஸ் இதன் தூரத்து உறவு. பேன்வழி டைஃபஸ் பெருங்காய்ச்சலும் உடம்பெங்கும் செம்புள்ளிகளும் சித்தப்பிரமையும் கொண்டது. போர்முனையிலும் சிறைச்சாலையிலும் பஞ்சம் பிடித்த ஊர்களிலும் குளிர்காலத்தில் தலைகாட்டும். அது எப்படிப் பரவுகிறது என்பது 1909 வரை யாருக்கும் திட்டமாகத் தெரியவில்லை.

அதைக் கண்டவர் வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரில் பாஸ்டர் ஆய்வகத்தின் தலைவராக இருந்த பிரெஞ்சு மருத்துவர் ஷார்ல் நிக்கோல். அவர் கவனித்தது எளிய விஷயம். நோயாளிகள் தெருவில் இருக்கும்வரை சுற்றியிருப்பவர்களுக்கு நோயைக் கொடுத்தார்கள். மருத்துவமனை வாசலில் அவர்களைச் சேர்த்துக்கொள்பவர்களுக்கும், அவர்களது அழுக்குத் துணியை எடுத்துத் துவைப்பவர்களுக்கும் நோய் வந்தது. ஆனால் குளிப்பாட்டி மாற்றுடை அணிவித்துப் படுக்கையில் கிடத்திய பிறகு, அதே நோயாளிகளிடமிருந்து பக்கத்துப் படுக்கைக்காரருக்கு எதுவும் பரவவில்லை. வாசலில் கழற்றி வைக்கப்பட்டது எது? துணி. துணியில் இருந்தது எது? பேன். குரங்குகளைக் கொண்டு செய்த சோதனைகள் அந்த ஊகத்தை உறுதி செய்தன. 1928இல் நிக்கோலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நோய்க்கிருமியை அடையாளம் காட்டியவர் பிரேசில் நாட்டவரான என்றிக்கே ட ரோஷா லிமா, 1916இல். அதே ஆராய்ச்சியில் டைஃபஸ் கண்டு இறந்த இருவரின் பெயரை அவர் அந்தக் கிருமிக்குச் சூட்டினார். ஹோவர்ட் ரிக்கெட்ஸ் 1910இல் மெக்சிகோ நகரிலும், ஸ்டானிஸ்லாவ் புரோவாசெக் 1915இல் ஜெர்மானியச் சிறைமுகாம் ஒன்று இருந்த காட்பஸ் நகரிலும் இறந்தவர்கள். ‘ரிக்கெட்சியா புரோவாசெகி’ என்ற பெயரே ஓர் இரட்டை நடுகல்.

பேன் கடிப்பதால் மட்டும் நோய் வருவதில்லை. கிருமி பேனின் குடலில் பெருகி அதன் எச்சத்தில் வெளியேறுகிறது. அரிக்கிற இடத்தை மனிதன் சொறியும்போது எச்சம் கீறலுக்குள் போகிறது. பேனும் தப்புவதில்லை. கிருமி அதன் குடலைச் சிதைப்பதால் அது சிவந்து, இரண்டு வாரங்களுக்குள் செத்துப்போகிறது. மனிதரிடமிருந்து பேனும் பேனிடமிருந்து மனிதரும் நோய் பெற்றுச் சாகிறார்கள். இதில் யார் யாரைப் பீடிக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. இன்னொன்றும் உண்டு. பேனுக்குச் சூடு மிகுந்த உடம்பும் ஆகாது, குளிர்ந்த உடம்பும் ஆகாது. காய்ச்சல்காரனையும் பிணத்தையும் விட்டு அகன்று பக்கத்தில் நெருங்கிப் படுத்திருப்பவனிடம் போய்ச் சேரும். எனவே நெருக்கமும் குளிரும் அதற்கு உதவுகின்றன. மாற்றுத்துணியும் வெந்நீரும் விறகும் இருக்கிற வீட்டில் சீலைப்பேன் நிலைப்பதில்லை. கழற்றி வைத்த துணியில் இரத்தம் கிடைக்காமல் சில நாட்களில் செத்துவிடும். பேன் பற்றுதல் என்பது ஒருவருடைய குணத்தைப் பற்றிய செய்தி அன்று. அவரிடம் எத்தனை சட்டை இருக்கிறது என்பதைப் பற்றிய செய்தி.

*

மாற்றுத்துணி இல்லாத பெருந்திரள் என்றால் அது படை. 1812இல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனின் வீரர்கள் ஆயிரக்கணக்கில் புதைக்கப்பட்ட குழி ஒன்று 2001இல் லிதுவேனியாவின் வில்னியூஸ் நகரில் கட்டட வேலையின்போது வெளிப்பட்டது. 2006இல் வந்த முதல் ஆய்வு, பேன்களின் எச்சங்களையும் டைஃபஸ் கிருமியின் தடயங்களையும் அங்கே கண்டதாகச் சொன்னது. 2025இல் பதின்மூன்று வீரர்களின் பற்களைப் புதிய முறையில் ஆராய்ந்தவர்களுக்கு டைஃபஸ் கிருமி கிட்டவில்லை. சிலரிடம் பாராடைஃபாய்டு கிருமியையும் சிலரிடம் மறுசுரத்தின் கிருமியையும் கண்டார்கள். இந்த மறுசுரமும் சீலைப்பேனால் பரவுவதே. குற்றவாளி மாறியிருக்கலாம், தூக்கி வந்தது அதே பேன்தான்.

முதல் உலகப்போரின் தொடக்கத்தில், 1914-15 குளிர்காலத்தில், செர்பியாவில் மட்டும் டைஃபஸுக்கு 1,50,000 பேர் பலியானதாகக் கணக்கிடுகிறார்கள். புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவில் உள்நாட்டுப் போரும் பசியும் இடம்பெயர்வும் சேர்ந்து வரலாற்றின் மிகப்பெரிய டைஃபஸ் பெருந்தொற்றை விளைவித்தன. 1918 முதல் 1922 வரை இரண்டு முதல் மூன்று கோடிப் பேருக்கு நோய் கண்டது என்றும், ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் இறந்தார்கள் என்றும் மதிப்பீடுகள் உள்ளன. 1919 டிசம்பரில் சோவியத்துகளின் மாநாட்டில் பேசிய லெனின், பேன் வெல்லுமா சோஷலிசம் வெல்லுமா என்பதே முன்னிற்கும் கேள்வி என்ற பொருளில் எச்சரித்தார். அது மிகையல்ல, அவர் சொன்னது மெய்யான பேனை.

ஆனால் அதற்கு ஈராண்டுக்கு முன், 1917 டிசம்பரில், அதே லெனின் போட்டியை ஒழுங்கமைப்பது பற்றி எழுதிய கட்டுரையில் ரஷ்ய மண்ணிலிருந்து தீங்கிழைக்கும் பூச்சிகளையெல்லாம் துப்புரவாக நீக்க வேண்டும் என்று குறிப்பிட்டார். அங்கே தெள்ளுப்பூச்சி என்றது போக்கிரிகளை. மூட்டைப்பூச்சி என்றது பணக்காரர்களை. அவர் காலத்தில் அச்சேறாத அக்கட்டுரை 1929இல் பிராவ்தாவில் வெளியாயிற்று. ஒரே பேனா இரண்டு விதமான பூச்சிகளைப் பற்றி எழுதியது. ஒன்றை ஒழிக்கச் சவுக்காரமும் வெந்நீரும் தேவைப்பட்டன. மற்றொன்றை ஒழிக்கச் சிறையும் துப்பாக்கியும் தேவைப்பட்டன. சொல் மட்டும் பொதுவாக இருந்தது.

அட்லாண்டிக்குக்கு அப்பாலும் இதே காலத்தில் இதே மயக்கம் நிகழ்ந்தது. டைஃபஸ் அச்சத்தின் பெயரால், மெக்சிகோவின் சியூதாத் ஹுவாரெஸிலிருந்து நாள்தோறும் எல்லை கடந்து அமெரிக்காவின் எல் பாசோவில் வேலைக்குச் செல்பவர்கள் ஆடை களைந்து மண்ணெண்ணெய் முதலியவை கலந்த கரைசலில் குளித்தாக வேண்டும் என்ற விதி 1917இல் நடைமுறைக்கு வந்தது. ஜனவரி 28 அன்று கார்மெலீட்டா டோரெஸ் என்ற பதினேழு வயது வீட்டுவேலைப் பெண் அதற்கு உடன்பட மறுத்தாள். அவளைப் பின்பற்றிப் பெண்கள் திரளாக டிராம் வண்டிகளை மறித்தார்கள். பேன் இருக்கிறதா என்று பார்த்தபின் குளிக்கச் சொல்வது மருத்துவம். எந்தக் கரையிலிருந்து வருகிறாள் என்று பார்த்துக் குளிக்கச் சொல்வதை மருத்துவத்தின் கணக்கில் எழுத முடியாது.

*

இந்த மயக்கம் அரசின் கொள்கையாகவே ஆனது ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த போலந்தில். 1940 நவம்பரில் வார்சாவின் யூதர் குடியிருப்பு மதிலெழுப்பி அடைக்கப்பட்டது. மூன்றரை சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். காரணமாகச் சொல்லப்பட்டது டைஃபஸ். அந்தப் பகுதி நோய்த்தடை வட்டாரம் என்று அறிவிக்கப்பட்டது. ஓர் அறையில் பல குடும்பங்கள், எரிபொருள் இல்லை, சவுக்காரம் இல்லை, உணவுப் பங்கீடோ உயிர் தரிக்கப் போதாத அளவு. டைஃபஸ் வராமல் எப்படி இருக்கும்? நோயைத் தடுக்க எழுப்பியதாகச் சொன்ன மதிலே நோயை விளைவித்தது. பிறகு அந்த நோயையே காட்டி மதிலின் நியாயம் நிறுவப்பட்டது. யூதர், பேன், டைஃபஸ் என்ற மூன்று சொற்களையும் அடுக்கி அச்சிட்ட சுவரொட்டிகள் போலந்து நகரங்களில் ஒட்டப்பட்டன. மூன்றுக்கும் இடையே எந்த வினைச்சொல்லும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பற்றியது என்றோ பரவியது என்றோ சொல்லியிருந்தால் யார் பற்றவைத்தார் என்ற கேள்வி எழுந்திருக்கும்.

அந்த மதிலுக்குள் லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட் இருந்தார். இரத்த வகைகளின் மரபுவழி பற்றிய ஆய்வுகளால் உலகறிந்தவர். 1915இல் செர்பியாவுக்குத் தாமாகவே போய் டைஃபஸை எதிர்கொண்டவர். கத்தோலிக்கராக மதம் மாறியிருந்தும் பிறப்பால் யூதர் என்பதால் உள்ளே தள்ளப்பட்டார். அவரும் பிற மருத்துவர்களும் சுகாதார வகுப்புகள் நடத்தினார்கள், இளைஞர்களுக்கு மறைவாக மருத்துவம் கற்பித்தார்கள். பொதுச் சமையற்கூடங்களும் வீட்டுக்கு வீடு துப்புரவுப் பணிகளும் இயங்கின. 1941 அக்டோபர் இறுதியில், டைஃபஸ் ஏறவேண்டிய குளிர்காலத்தின் வாசலில், நோய்த்தொற்று இறங்கத் தொடங்கியது. 2020இல் வெளியான கணித ஆய்வு ஒன்று, அந்த இறக்கத்தை விளக்கக் குடியிருப்பின் உள்ளிருந்தே எழுந்த சுகாதார முயற்சிகளைத் தவிர வேறு தகுந்த காரணம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. பேன் என்று பழிக்கப்பட்டவர்கள் தங்கள் பேனைத் தாங்களே வென்றார்கள். அது அவர்களைக் காப்பாற்றவில்லை. 1942 ஜூலையில் திரெப்ளிங்காவுக்கு இரயில்கள் புறப்படத் தொடங்கின.

அந்தக் காலத்தில் பூச்சியொழிப்புத் தொழிலின் சொற்களும் கருவிகளும் சேர்ந்தே இடம் மாறின. சைக்ளோன் பி என்பது 1920கள் முதல் கப்பல்களையும் கிடங்குகளையும் துணிகளையும் பூச்சியகற்றப் பயன்பட்ட சயனைடுச் சரக்கு. ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அது முதலில் வந்ததும் துணிகளில் பேன் நீக்கவே. 1941 செப்டம்பரில் சோவியத் போர்க்கைதிகள் மீது அது சோதித்துப் பார்க்கப்பட்டது. கொலைக்கூடங்கள் குளியலறை என்றும் கிருமிநீக்க அறை என்றும் பெயர் பெற்றன. 1943 ஏப்ரலில் கார்கோவில் எஸ்.எஸ். அதிகாரிகளிடம் பேசிய ஹிம்லர், யூத எதிர்ப்பும் பேன் நீக்கமும் ஒன்றே, அது கொள்கைப் பிரச்சினை அல்ல, துப்புரவுப் பிரச்சினை என்ற கருத்தைச் சொன்னார். உவமை என்பது இரு பொருள்கள் வேறு வேறு என்ற அறிவின் மேல் நிற்பது. அந்த அறிவு நீங்கிவிட்டால் எஞ்சுவதை உவமை என்று அழைக்க முடியாது. அது செய்முறைக் குறிப்பாகிவிடுகிறது.

*

இதே ஆண்டுகளில் அன்று போலந்தின் லுவூஃப் ஆகவும் இன்று உக்ரைனின் லிவிவ் ஆகவும் அறியப்படும் நகரில், மனிதர்கள் தங்கள் இரத்தத்தைப் பேனுக்கு ஊட்டி உயிர் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

ருடோல்ஃப் வைகல் 1883இல் மொராவியாவில் ஆஸ்திரிய ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்து, தம்மைப் போலந்துக்காரராகவே கருதிக்கொண்ட உயிரியலாளர். டைஃபஸ் கிருமி உயிருள்ள செல்லுக்கு வெளியே வளராது. அப்படியானால் பேனின் குடலையே வளர்களமாகக் கொள்ளலாம் என்று அவர் எண்ணினார். நுண்ணிய கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு பேனுக்கும் ஆசனவாய் வழியே கிருமியைச் செலுத்தி, சில நாள் வளர்த்து, உருப்பெருக்கியின் கீழ் அறுத்துக் குடலை எடுத்து, அரைத்துக் கிருமியைக் கொன்று தடுப்பூசி தயாரித்தார். ஒருவருக்கான மருந்துக்கே ஏறத்தாழ நூறு பேன்கள் வேண்டும். அவ்வளவு பேனையும் வளர்க்க ஒரே உணவு மனித இரத்தம்.

எனவே அவரது ஆய்வகத்தில் பேனுக்கு ஊட்டுவோர் என்றே ஒரு வேலை உண்டாயிற்று. ஒரு பக்கம் மெல்லிய வலை பொருத்திய சிறு மரப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் சில நூறு பேன்கள். ஆண்கள் கெண்டைக்காலிலும் பெண்கள் தொடையிலும் அவற்றைப் பட்டையால் கட்டிக்கொண்டு நாள்தோறும் முக்கால் மணிநேரம் அளவில் அமர்ந்திருப்பார்கள். 1941 ஜூன் இறுதியில் ஜெர்மானியர் நகரைக் கைப்பற்றிய சில நாட்களில் லுவூஃபின் பேராசிரியர்கள் பலர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஆனால் கிழக்குமுனைப் படைக்குத் தடுப்பூசி தேவைப்பட்டது. வைகலின் நிறுவனம் படையின் பாதுகாப்பில் இயங்கியது. அதன் பணியாளர் அட்டையைக் கண்டால் தெருவில் ஆள்பிடிக்கும் காவலர்கள் தொற்றுக்கு அஞ்சி விலகினார்கள்; ஊட்டுவோருக்குக் கூடுதல் உணவுப் பங்கீடும் கிடைத்தது. ஜெர்மானியராகப் பதிந்துகொள்ளும் அழைப்பை மறுத்த வைகல், வேலையிழந்த அறிவாளிகளையும் மறைவுப் போராளிகளையும் அந்த மரப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தில் தம் பெயரால் ஒரு வெளியையே உடையவரான ஸ்டெஃபான் பானக் அங்கே காலில் பேன்பெட்டி கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். பின்னாளில் போலந்துக் கவிதையின் பெருங்குரலாக ஆன ஸ்பிக்னியெவ் ஹெர்பெர்ட், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், அதே வேலையைச் செய்தார். அந்த அறைகளில் அமர்ந்தபடி கணிதம் பேசினார்கள், மறைவு வகுப்புகளும் நடந்தன என்பார்கள். நாம் இங்கே ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த இரத்தத்தில் விளைந்த மருந்தின் பெரும்பகுதி போனது ஆக்கிரமிப்புப் படைவீரரின் கைக்குத்தான். ஒரு பகுதியைக் கடத்தி வார்சா, லுவூஃப் யூதர் குடியிருப்புகளுக்குள் அனுப்பினார்கள். வைகல் 1957இல் இறந்தார். பலமுறை முன்மொழியப்பட்டும் நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. யூதர்களைக் காத்த பிறமதத்தாருக்கு இஸ்ரேல் வழங்கும் நீதிமான் என்ற சிறப்பு 2003இல் அவர் பெயருக்கு அளிக்கப்பட்டது.

வைகலிடம் முன்பு உதவியாளராக இருந்த லுட்விக் ஃப்ளெக்குக்கு மரப்பெட்டியின் பாதுகாப்பு கிடைக்கவில்லை, அவர் யூதர். அறிவியல் உண்மை என்பது தனிமனிதன் கண்டெடுப்பது அன்று, ஒருமித்துச் சிந்திக்கும் குழுவிற்குள் உருவாகி நிலைபெறுவது என்று 1935இலேயே நூல் எழுதியவர். பின்னாளில் தாமஸ் கூனுக்குத் தூண்டுதலாக இருந்த நூல் அது. யூதர் குடியிருப்பில் அடைபட்ட ஃப்ளெக், பேன் வளர்க்க வழியில்லாத நிலையில், நோயாளிகளின் சிறுநீரிலிருந்து தடுப்பூசி தயாரித்தார். 1943இல் ஆஷ்விட்ஸுக்கும் 1944இல் பூகன்வால்டுக்கும் அனுப்பப்பட்டார். பூகன்வால்டில் கைதிகளைக் கொண்டு எஸ்.எஸ். ஒரு டைஃபஸ் தடுப்பூசிக் கூடம் நடத்தியது. அங்கிருந்த குழுவினர் கிருமி என்று நம்பி வளர்த்துக்கொண்டிருந்தது கிருமியே அல்ல, முயலின் வெள்ளணுக்கள் என்பதை ஃப்ளெக் வந்ததும் கண்டுகொண்டார். ஒரு குழு கூடி நம்பினால் இல்லாததும் கண்ணுக்குத் தெரியும் என்ற அவரது நூலின் வாதத்துக்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. கைதிகள் அந்தப் பயனற்ற மருந்தையே எஸ்.எஸ். படைக்கு நிறையத் தயாரித்துக் கொடுத்தார்கள். பயனுள்ளதைச் சிறிதளவு தயாரித்துத் தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

*

1943-44 குளிர்காலத்தில் நேச நாட்டுப் படைகள் கைப்பற்றியிருந்த நேப்பிள்ஸ் நகரில் டைஃபஸ் தலைதூக்கியபோது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் உடைக்குள் டி.டி.டி. பொடி தூவப்பட்டது. யாருடைய ஆடையும் களையப்படவில்லை. கழுத்துப்பட்டியின் வழியே ஒரு பீச்சல், கைச்சட்டையில் ஒரு பீச்சல், அவ்வளவுதான். நோய் அடங்கியது. டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இல் கண்ட சுவிஸ் வேதியியலாளர் பௌல் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு தரப்பட்டது. ஆனால் 1951 வாக்கில் கொரியப் போர்க்களத்துப் பேன்கள் அந்தப் பொடிக்கு அசையாதவையாக மாறியிருந்தன. மருந்து காலாவதியாகலாம், துவைத்த துணி காலாவதியாவதில்லை.

பேனும் போகவில்லை, சொல்லும் போகவில்லை. 1994இல் ருவாண்டாவில் டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்று வானொலி நாள்தோறும் அழைத்தது. ஏறத்தாழ நூறு நாட்களில் நிகழ்ந்த படுகொலைக்கு அந்தச் சொல் பாதை செப்பனிட்டுக் கொடுத்தது. பக்கத்து நாடான புருண்டியில் உள்நாட்டுப் போரால் வீடிழந்து முகாம்களில் நெருங்கிக் கிடந்தவர்களை, 1997 வாக்கில், மெய்யான சீலைப்பேனின் டைஃபஸ் பல்லாயிரக்கணக்கில் பீடித்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் உலகம் கண்ட பெரிய டைஃபஸ் பெருந்தொற்று அதுதான். முதலாவதற்கு எந்த மருந்தும் இல்லை. இரண்டாவதற்கு ஒரு வேளை டாக்ஸிசைக்ளின் மாத்திரை போதுமானதாக இருந்தது.

நம் மேடைகளிலும் களையெடுப்பு, கரையான், ஒட்டுண்ணி, புல்லுருவி என்ற சொற்கள் தயக்கமின்றிப் புழங்குகின்றன. பேசுபவர் எந்தக் கட்சி, கேட்பவர் எந்தச் சாதி என்பதற்கேற்ப அந்தச் சொல் ஏறும் ஆள் மாறுகிறார். பேசுபவர் வெறும் உவமைதானே என்று சொல்லக்கூடும். மேலே கண்ட எந்த வரலாற்றிலும் அது உவமையாக அல்லாமல் தொடங்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

துனிஸின் மருத்துவமனை வாசலில் ஷார்ல் நிக்கோல் கண்டது இந்த நூற்றாண்டுக்கும் செல்லும். உள்ளே வந்தவரையும் அவர் மேலிருந்த பேனையும் வேறு வேறாகப் பார்க்க அவருக்கு முடிந்தது. பேன் பற்றியவருக்கு வேண்டியிருந்தது வெந்நீரும் ஒரு மாற்றுத்துணியும்.